இராமநாதபுரம் 1795: ஒரு பதவி நீக்கத்தின் வரலாற்றைத் திரும்ப எழுதுவது

1795 பிப்ரவரியில் கும்பெனிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் படை) இராமநாதபுரம் அரண்மனைக்குள் புகுந்து, சீமையை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதியைச் சிறைபிடித்தது. 14 ஆண்டுகள் கழித்து, 1809-இல், காவலில் இருந்தபடியே அவர் இறந்தார். கும்பெனி எட்டு ஆண்டுகள் சீமையை நேரடியாக நிர்வகித்தது. பிறகு 1803-இல் அவருடைய உடன்பிறந்தாள் மங்களேஸ்வரி நாச்சியாருக்குச் சன்னத்து (உரிமைப் பத்திரம்) கொடுத்து, அரசாக இருந்ததை ஜமீனாக்கியது. அந்த ஜமீன் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

சேதுபதியை ஏன் இறக்கினார்கள் என்ற கேள்விக்கு வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு விடை இருந்தது, விடுதலைக்குப் பின் வேறொரு விடை வந்தது. இரண்டும் எப்படி உருவாயின, இரண்டிலும் கடற்கரை ஏன் காணாமல் போனது, அதை உள்ளே கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த ஆய்வு. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று நீளும் இந்தக் கரையைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் இதே சிக்கல்கள்தான் வரும்.

ஒரே கோப்பு, இரண்டு தீர்ப்பு

ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிய பழைய விடை எளிது. சேதுபதி பேஷ்குஷ் (கப்பம்) பாக்கி வைத்தார், எச்சரித்தும் கேளாமல் சிவகங்கையோடு சண்டைக்குப் போனார், குடிகளை வருத்தினார், ஆகவே நீக்கப்பட்டார். 1868-இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டு விவர நூலில் தொடங்கி, பிற்கால மாவட்ட விவரச் சுவடிகள் வரை இந்தச் சட்டகம் ஏறக்குறைய அப்படியே நகர்ந்து வந்தது. 1799-இல் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பக்கம் மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியும் அதில் வெறும் ‘தொந்தரவு’தான்.

விடுதலைக்குப் பின் தீர்ப்பு மாறியது. பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் 1800-1801 போரை முதல் விடுதலைப் போர் என்று பெயரிட்டு எழுதினார். இராமநாதபுரத்திலேயே இருந்து உழைத்த எஸ். எம். கமால், முத்துராமலிங்க சேதுபதியை விடுதலைப் போரின் வரிசையில் வைத்தார். கும்பெனியின் துணி, தானிய வணிகத்துக்கும் சேதுபதியின் சுங்க உரிமைக்கும் இருந்த மோதலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பெருமை அவருக்கு உண்டு. செப்பேடுகளைத் தொகுத்துப் பதிப்பித்ததும் அவரே. இந்த உழைப்பு இல்லாவிட்டால் இன்று பேசவே ஒன்றும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு வந்த பலர் செய்ததுதான் பிரச்சினை. அவர்கள் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், சான்றுகளை விரிக்கவில்லை. ‘கலகக்காரன்’ என்று இருந்த இடத்தில் ‘வீரன்’ என்று போட்டார்கள். ‘அடக்கினார்’ என்பது ‘ஒடுக்கினார்’ ஆனது. ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் சான்று அதே கலெக்டர் கடிதம்தான். அந்தக் கடிதம் எதைப் பேசவில்லையோ அதைப் புதிய நூலும் பேசவில்லை. அன்றைய கும்பெனிக் கலெக்டர் பவுனிக்குப் பேஷ்குஷ் வசூலிப்பது வேலை. ஆகவே அவருடைய கோப்பில் பாக்கியும் படையும் இருக்கும். முத்துக் குளிப்பவரும் சங்கு குளிப்பவரும், தறிக்காரரும் தோணிக்காரரும் இருக்கமாட்டார்கள். கோப்பு எந்த அலுவலகத்தில் பிறந்ததோ, அந்த அலுவலகத்தின் பார்வைதான் வரலாற்றின் எல்லை என்று ஆகிவிடுகிறது.

சாதிப் பெயர்களிலும் இதே கதைதான். மறவரைக் குற்றப் பரம்பரை என்று பதிந்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீங்கியது. அதன் பின் எழுதியவர்கள் பழியைப் புகழாக மாற்றினார்கள், அது நியாயமான சினம். ஆனால் சீமையின் வரலாறு என்றால் ஒரு சாதியின் வரலாறு என்கிற அளவுகோலை மாற்றவில்லை. கரையோரத்து மரைக்காயர், பரவர், கடையர், கரையர், தறியில் உட்கார்ந்தவர் எல்லாரும் பக்கத்துக் குறிப்பாகவே நின்றார்கள்.

கோப்பை வாசிக்கும் முறை

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1790-களுக்கு உரிய வருவாய்த் துறை ஆலோசனைத் தொகுதிகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், படைத்துறைக் கடிதங்கள், மதுரை மாவட்டப் பதிவேடுகள் என்று தனித்தனி வரிசைகள் உள்ளன. ஒரே நிகழ்வு நான்கிலும் சிதறிக் கிடக்கும். இராமநாதபுரம் தனி மாவட்டம் ஆனது 1910-இல்தான். அதற்கு முந்தியவை மதுரை, திருநெல்வேலி பெயர்களில் தேடப்பட வேண்டும். 1910-க்குப் பின்னும் ஆட்சியர் அலுவலகம் வெகுகாலம் மதுரையிலேயே இயங்கியதால் தாள்களும் அங்கேயே சேர்ந்தன. 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இன்னொரு முறை சிதறல் நடந்தது.

ஆலோசனைத் தொகுதியைத் திறந்ததும் பலர் செய்யும் தவறு, பக்கத்தின் மேலே இருக்கும் தேதியை நிகழ்வின் தேதியாக எடுப்பது. அது சென்னைக் கோட்டையில் கும்பெனியின் சபை கூடிய தேதி. ஒவ்வொரு கடிதத்துக்கும் நான்கு தேதி குறிக்க வேண்டும்: சம்பவம் நடந்த நாள், கடிதம் எழுதிய நாள், சென்னையில் வந்து சேர்ந்த நாள், சபையில் படித்த நாள். நான்கில் ஒன்று தெரியாவிட்டால் கட்டத்தை வெற்றாக விடலாம், ஊகித்து நிரப்பக் கூடாது. ‘உத்தரவு வருமுன் செய்தாரா, வந்தபின் செய்தாரா’ என்ற கேள்வி முழுக்க இந்தக் கட்டங்களில்தான் தீரும்.

அடுத்தது இணைப்புகள். சேதுபதியும் அவருடைய பிரதானியும் (அமைச்சர்) எழுதிய தமிழ்க் கடிதங்கள் தொகுதியில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே இருக்கும், மூலம் பெரும்பாலும் இல்லை. ஆக, சேதுபதி சொன்னதாக நாம் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு சொல்லும் கும்பெனி துபாஷியின் (மொழிபெயர்ப்பாளர்) வாய் வழியாக வந்தது. மேற்கோள் குறிக்குள் போடாமல் ‘கடிதத்தின் மொழிபெயர்ப்புப்படி’ என்று எழுதுவதே நேர்மை. இதைத் திரும்பத் தமிழாக்கி, அரசவைத் தமிழ் போல ஜோடித்து, சேதுபதியின் முழக்கம் என்று அச்சிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

சென்னைத் தொகுதி செல்லரித்திருந்தால் வேலை நின்றுபோக வேண்டியதில்லை. அதே ஆலோசனைகளின் படி லண்டனுக்கு அனுப்பப்பட்டது, அது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இராது. ஊர்ப்பெயர்கள் படியெடுப்பில் கெட்டிருக்கும், ஒப்பிட்டே எடுக்க வேண்டும்.

தேதி, ஆண்டு, காசு

தமிழ்ச் செப்பேடு சக ஆண்டும் அறுபதாண்டு வட்டப் பெயரும் சேர்த்துச் சொல்லும். சித்திரை முதல் மார்கழி வரை சக ஆண்டோடு 78 கூட்டினால் கிறித்து ஆண்டு வரும். தை, மாசி, பங்குனிக்கு 79. சக 1600 என்றால் 1678 சித்திரையில் தொடங்கும் காளயுக்தி. ஏட்டில் பிங்கள என்று இருந்தால் ஓராண்டு வேறுபாடு, நடப்பு ஆண்டாகக் கணக்கிட்டிருக்கலாம், சந்தேகப்பட வேண்டாம். நாலைந்து ஆண்டு தள்ளிப் போனால்தான் படியெடுத்தவர் பிழையா, பிற்காலப் புனைவா என்று பார்க்க வேண்டும். 1795 பிப்ரவரி, சக 1716, ஆனந்த வருஷம். வருவாய்த் தாள்களில் அதுவே பசலி 1204. பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆண்டு கிடைக்கும். அது ஆடிக்கு முன்பின் தொடங்கும் வருவாய் ஆண்டு, சித்திரைக் கணக்கு அல்ல. பசலி 1204-இன் பாக்கியை 1794 என்று மட்டும் எழுதினால் பதவி நீக்கத்துக்குப் பின் ஏறிய பாக்கியையும் சேதுபதி தலையில் கட்டியதாக ஆகிவிடும். இந்தப் பிழை அச்சில் வந்த நூல்களில் அரிதல்ல.

ஒரு நூற்றாண்டு பின்னால் போனால் இன்னொரு சிக்கல். டச்சுக்காரரும் போர்ச்சுக்கீசியரும் புது நாட்காட்டியில் எழுத, ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியில் எழுதினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 10 நாள் இடைவெளி, 1700-க்குப் பிறகு 11. போதாததற்கு ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஓரியூரில் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்டது 1693 பிப்ரவரி 4. அதே நாளை ஓர் ஆங்கிலேயர் எழுதியிருந்தால் 1692 ஜனவரி 25 என்று குறித்திருப்பார். தமிழ்க் கணக்கில் ஆங்கீரச வருஷம் தை மாதக் கடைசி. மூன்றும் ஒரே நாள். இதை அறியாமல் மூன்று தாள்களை வைத்து ‘ஓராண்டு இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள்’ என்று எழுதிவிட முடியும்.

காசில், நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்பது 1818-இல் ரூபாய்க்கு மாறியபோது அரசு வைத்த விகிதம். அதை 1790-களுக்கு அப்படியே பொருத்தினால் தோராயம்தான் கிடைக்கும். மூலத்தில் உள்ள காசின் பெயரையே எழுதிவிட்டு, மாற்று மதிப்பைத் தனியாகச் சொல்வது பாதுகாப்பு. நிலத்துக்கும் அப்படியே. செப்பேட்டில் ‘கல விரையடி’ என்றால் ஒரு கலம் நெல் விதைக்கும் நிலம், ஏக்கர் அல்ல. மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியதால் விரையடியும் மாறும்.

காரணம் தேடும்போது சறுக்கும் இடம்

1795 என்றதும் கடல்சார் வரலாறு எழுதுபவருக்கு ஒரு ஆசை வரும். அந்த ஜனவரியில் ஹாலந்து பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் விழுந்தது. லண்டனுக்கு ஓடி வந்த டச்சு இளவரசர் பிப்ரவரியில், குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் தூத்துக்குடியும் திரிகோணமலையும் கும்பெனி கைக்குப் போயின, 1796 பிப்ரவரியில் கொழும்பு. ஆகவே இலங்கையைப் பிடிக்க வழிசெய்துகொள்ளத்தான் பாம்பன் கணவாயைக் கையில் வைத்திருந்த சேதுபதியை நீக்கினார்கள் என்று எழுதினால் கச்சிதமாகப் பொருந்துவது போல இருக்கும்.

நாள் கணக்குப் பார்த்தால் பொருந்தாது. ஐரோப்பாவிலிருந்து செய்தி சென்னை சேர மாதக் கணக்கில் ஆகும். ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்ததைத் தெரிந்துகொண்டு பிப்ரவரியில் இராமநாதபுரத்தில் யாரும் முடிவெடுத்திருக்க முடியாது. ஆனால் 1793-இலேயே பிரான்சோடு போர் மூண்டு, அந்த ஆகஸ்டில் பாண்டிச்சேரி விழுந்திருந்தது. கரையோரத்தைப் பற்றிய பொதுவான பதற்றம் அதற்கு முன்பே இருந்தது என்று சொல்ல இடமுண்டு. இதற்குமேல் போக வேண்டுமானால் 1794-இன் படைத்துறைக் கடிதங்களில் பாம்பன் பெயர் வருகிறதா என்று தேடிக் காட்ட வேண்டும். கிடைத்தால் எழுதலாம், கிடைக்காவிட்டால் எவ்வளவு அழகான காரணமானாலும் விட்டுவிட வேண்டும்.

பாம்பனைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அன்றைய கணவாய் ஆழமற்றது. 19-ஆம் நூற்றாண்டில் தூர்வாரி ஆழப்படுத்தும் வரை சிறு தோணிகளே கடந்தன. கப்பற்படை அந்த வழியாக இலங்கைக்குப் போயிருக்கும் என்று இன்றைய வரைபடத்தைப் பார்த்து எழுதுவது பிழை.

கும்பெனிக்கு அதிகாரம் வந்த வழியை 1792-ஆம் ஆண்டின் கர்நாடக ஒப்பந்தத்தில் தேட வேண்டும். ஆர்க்காட்டு நவாபுக்கு உரிய பாளையக்காரர் பேஷ்குஷைத் தானே வசூலிக்கும் உரிமை அதில் கும்பெனிக்குக் கிடைத்தது. அதுவரை சேதுபதிக்கும் கும்பெனிக்கும் நடுவே நவாபு இருந்தார். 1772-இல் நவாபும் கும்பெனியும் சேர்ந்து கோட்டையைப் பிடித்துச் சிறுவனான சேதுபதியைத் திருச்சியில் சிறைவைத்தது, 1781-இல் சீமையில் எழுந்த கிளர்ச்சிக்கு நடுவே அவரைத் திரும்ப அமர்த்தியது இரண்டும் நவாபின் பெயரால் நடந்தவை. 1795-இல் அந்தத் திரை இல்லை. பதவி நீக்கத்தைப் புரிந்துகொள்ள, சேதுபதியின் குணத்தைவிட இந்த மூன்றாண்டு நிர்வாக மாற்றம் அதிகம் சொல்கிறது என்பது எங்கள் முடிவு.

கரையின் பக்கம்

துணி, சுங்கம் பற்றிய தாள்கள் வருவாய்த் துறையில் இருக்காது. கும்பெனியின் வணிகத் துறையில் இருக்கும். பரமக்குடிப் பக்கத்துத் தறிகளில் துணி வாங்கிய கும்பெனி முகவர், சேதுபதியின் ஆட்கள் சுங்கம் கேட்டதாக எழுதும் புகார்கள் அந்த வரிசைக்கு உரியவை. ‘குடிகளை வருத்தினார்’ என்று வருவாய்க் கோப்பில் சுருக்கமாக வரும் வாசகத்தை, வணிகத் துறைப் புகாரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தக் குடி, எந்த வருத்தம் என்று கேட்க முடியும். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் தன்னிடமே விற்கக் கட்டிவைத்த கும்பெனியும், சுங்கம் கேட்ட சேதுபதியும் ஒரே தறியின் மேல் உரிமை கொண்டாடினார்கள். தறிக்காரருக்கு இருவரில் யார் நல்லவர் என்பது நாம் முன்கூட்டி எழுதிவைக்கும் விடை அல்ல. நாட்டுப்பற்று வரலாறு இந்த இடத்தில் அவசரப்பட்டுச் சேதுபதி பக்கம் நின்றுவிடுகிறது.

கடல் வருமானத்துக்கு டச்சுத் தாள்கள் வேண்டும். 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியை எடுத்த டச்சுக்காரர்கள் இந்தக் கரையைக் கொழும்பின் கீழ் வைத்து நடத்தினார்கள். அதனால் இராமநாதபுரத்துக் கடலின் வரலாற்றில் பெரும்பங்கு கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஹேக் நகரிலும் இருக்கிறது. எழும்பூரில் உள்ள டச்சு ஆவணங்களில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தவை. இது தெரியாமல் எழும்பூரில் தேடிவிட்டு ‘டச்சுச் சான்று இல்லை’ என்று எழுதியவர்கள் உண்டு. 1947-க்குப் பின் எல்லை நடுவில் விழுந்து, ஒரு கரையின் வரலாறு இரண்டு நாட்டுக் காப்பகங்களில் பிரிந்து கிடப்பதுதான் இந்தப் பகுதியின் தனித் துயரம்.

தேடும்போது டச்சுத் தாள்களில் ‘சேதுபதி’ என்று தேடினால் அதிகம் கிடைக்காது. அவர்கள் அவரைத் தேவர் என்ற பெயரின் திரிந்த வடிவத்தில் ‘தெயுவர்’ என்றும் சீமையைத் தெயுவர் நாடு என்றும் எழுதினார்கள். இராமேசுவரம் தீவு ‘ராமன்கோவில்’ என்று இருக்கும். ஆட்பெயரில் கவனம் இன்னும் தேவை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துத் தாள்களில் கீழக்கரைப் பெரிய தம்பி மரைக்காயர் அடிக்கடி வருகிறார். அவரையே வள்ளல் சீதக்காதி என்று கொள்வாரும், உறவினர் என்று பிரிப்பாரும் உண்டு. இலக்கியத்தில் வரும் வள்ளலையும் வணிகத் தாளில் வரும் பேரம் பேசும் மரைக்காயரையும் சான்று கூடுமுன் ஒரே ஆளாக்கிவிடக் கூடாது. ஒன்றாக்கினால் கதை நன்றாக ஓடும், அதனாலேயே எச்சரிக்கை.

முத்துக் குளிப்பில் ஆட்சியாளர்களுக்கு இருந்த பங்கு ‘கல்’ என்ற கணக்கில் சொல்லப்படும். குளிப்பவர் மூழ்கக் கட்டிக்கொள்ளும் கல் அது. ஒரு கல் என்றால் ஒரு குளியாளின் உழைப்பு. சேதுபதிக்கு இத்தனை கல் என்பது அவருக்குக் காசு வந்தது என்பதல்ல, அத்தனை குளியாட்களை வரியில்லாமல் இறக்கும் உரிமை. சங்கு குளிப்பு வேறு. அது வங்காளத்து வளையல் தொழிலுக்குப் போன சரக்கு, சேதுபதிக்கும் பின்னாளில் ஜமீனுக்கும் குத்தகை வருமானம்.

செப்பேட்டைச் சோதிப்பது

சேதுபதி செப்பேடுகள் நீண்ட விருதுப் பட்டியலோடு தொடங்கும். ‘ஈழமும் கொங்கும் யாழ்ப்பாணமும் கெசவேட்டை கண்டருளிய’ என்பது மரபாக வரும் தொடர். அதைப் படித்து இலங்கைப் படையெடுப்பு ஒன்றை எழுதிவிடக் கூடாது. விருது முடிந்து தானம் தொடங்கும் இடத்திலிருந்துதான் செய்தி. ஊர், எல்லை, விரையடி, பெறுபவர், சாட்சி, எழுதியவர். கோயிலுக்கும் மடத்துக்கும் மட்டுமல்லாமல் பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் கொடுத்தவையும் இவற்றில் உண்டு.

போலி ஏன் வருகிறது என்றால், 1858-இல் மானிய நிலங்களை விசாரிக்கும் இனாம் கமிஷன் அமைந்து ‘உன் மானியத்துக்கு ஆதாரம் என்ன’ என்று கேட்டபோது, மூலம் தொலைத்தவர்களும் மூலமே இல்லாதவர்களும் ஏடு தயாரித்தார்கள். தொலைத்தவர் செய்த படியும் இல்லாதவர் செய்த புனைவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கண்டுபிடிக்க உதவும் ஒரு அடையாளம் எழுத்தில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ‘ரா’வின் காலும் ‘ர’வும் ஒன்றுபோல நிற்கும். மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. கிழவன் காலத்து ஏடு என்று சொல்லப்படும் தகட்டில் ‘தேவர்’ இரட்டைச் சுழிக் கொம்போடும் ‘கோவில்’ இன்று எழுதுவது போலவும் ஒழுங்காக வந்தால், அந்தத் தகடு பிற்காலத்தில் வெட்டப்பட்டது. செய்தி உண்மையாக இருக்கலாம், தகடு அந்தக் காலத்தது அல்ல. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அச்சுப் பதிப்பில் இந்த வேறுபாடு தெரியாது, பதிப்பாசிரியர் இன்றைய எழுத்தில் திருத்தியிருப்பார். ஆகவே தகட்டையோ மைப்படியையோ நேரில் பார்க்காமல் காலம் பற்றிக் கருத்து சொல்லாதிருப்பதே முறை.

நீதிமன்றம் உண்டாக்கிய வரலாறு

1803-க்குப் பிறகு ஜமீன் வழக்குகளிலேயே வாழ்ந்தது. விதவை ராணி ஒருவர் செய்த தத்து செல்லுமா என்ற வழக்கு மதுரைக் கலெக்டர் பெயரில் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) வரை போய் 1868-இல் முடிந்தது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய சாத்திரத்தையும் மிஞ்சும் என்று அதில் சொன்னதை இன்றும் இந்து சட்டம் படிக்கும் மாணவர் படிக்கிறார்கள். வரலாறு எழுதுபவர் இதில் பார்க்க வேண்டியது வேறு. வழக்கம் என்று நிரூபித்தால் வெல்லலாம் என்று ஆனதும், வம்சாவளிகளும் ‘ஆதிகாலம் தொட்டு’ என்ற சாட்சியங்களும் வாதியின் தேவைக்கு ஏற்ப உருவாகும். இன்று அச்சில் உலவும் சேதுபதி வம்சாவளிகளில் எது எந்த வழக்கில் யார் தாக்கல் செய்தது என்று பார்க்காமல் எடுத்தாள்வது, எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு எழுதுவதாகும்.

கடலிலும் ஒரு வழக்கு உண்டு. பாக் நீரிணையில் ஜமீன் குத்தகைக்கு விட்டிருந்த சங்குப் படுகையிலிருந்து சங்கு எடுத்ததாகச் சிலர் மேல் திருட்டுக் குற்றம். கரையிலிருந்து சில மைல் தொலைவு, திறந்த கடல், யாருக்கும் சொந்தமல்ல என்பது எதிர்வாதம். பாக் விரிகுடா நெடுங்காலமாக ஆளுகைக்குள் இருந்த நீர், அங்கே கிடக்கும் சங்கைத் திருட முடியும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1904 தொகுதியில் வெளியான தீர்ப்பில் கூறியது. குளியாள் ஒருவரின் பிழைப்பைப் பற்றிய வழக்கு, பின்னாளில் ‘வரலாற்று நீர்’ என்ற பன்னாட்டுச் சட்ட வாதத்தில் எடுத்துக்காட்டானது. 1974-இல் பாக் நீரிணையில் எல்லைக் கோடு விழுந்து கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது, 1976-இல் கோடு மன்னார் வளைகுடாவுக்கும் நீண்டது. அதன் பிறகு ஜமீன் குத்தகைச் சீட்டுகள் ஆதாரமாகத் தேடி எடுக்கப்படுகின்றன. தேடுவது தேவைதான். ஆனால் தீவைக் குத்தகைக்கு விட்டது, வரி வாங்கியது, அங்கே வலை உலர்த்தியது மூன்றும் வேறு வேறு சான்று. அரசியல் மேடைக்கு மூன்றும் ஒன்றாக இருக்கலாம், வரலாற்று எழுத்தில் மூன்று தனி வாக்கியங்கள்.

வாய்மொழி எதுவரை போகும்

1795-ஐ வாய்மொழியில் தேடி ஊர் ஊராகப் போவதில் பயன் குறைவு. வீட்டு நினைவு மூன்று தலைமுறை, மிஞ்சினால் 1900-ஐ ஒட்டி நிற்கும். அதற்கு முந்தியது கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பாடநூலிலும் விழா மலரிலும் படித்தது திரும்பி வருவதே. ஆனால் ஆண்டு சொல்லாத அறிவு ஒன்று ஊரில் இருக்கிறது. எந்தக் காற்றுக்கு எந்தத் துறை திறக்கும் என்பது அது. வாடையில் (வடகிழக்குக் காற்று) பாக் நீரிணைக் கரை கொந்தளிக்கும், கச்சானில் (தென்மேற்குக் காற்று) தென்கரை கொந்தளிக்கும். பிப்ரவரி வாடை ஓயும் நேரம். கடிதத்தில் ஒரு தோணி குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட துறைக்கு வந்ததாக இருந்தால் அது இயலுமா என்று சொல்ல மீனவரைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

20-ஆம் நூற்றாண்டுக்குக் கேட்கும்போது ஆண்டைக் கேட்கக் கூடாது. “காக்கா, ஒங்க வாப்பா தோணி கொழும்புக்கு ஓடுனது புயலுக்கு முந்தியா, பிந்தியா?” என்றால் கீழக்கரையில் உடனே விடை வரும். புயல் என்றால் தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர். பாம்பனில் ரயில் பாலம் வந்தது 1914. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஏப்ரல். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர், அதன்படி மண்டபம் முகாம் வழியாக மலையகத்தார் வந்தது பின்வந்த ஆண்டுகளில். இந்த நான்கைந்து முளைகளுக்கு நடுவே சொல்பவர் தம் வாழ்க்கையைத் தாமே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுவார். பதிவில் அவர் சொன்ன பேச்சையே எழுதி, ஆண்டைச் சதுர அடைப்புக்குள் நாம் சேர்க்க வேண்டும். அவர் வாயில் ஆண்டை வைக்கக் கூடாது.

எழுதி முடித்த பத்தி எப்படி இருக்கும்

இத்தனைக்கும் பிறகு 1795-ஐப் பற்றி உறுதியாக எழுதக் கூடியது இவ்வளவுதான்:

‘1792 ஒப்பந்தத்தால் பேஷ்குஷை நேரடியாக வசூலிக்கும் உரிமை பெற்ற கும்பெனி, 1795 பிப்ரவரியில் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கிச் சிறைவைத்தது. நிலுவை, சிவகங்கையோடு சண்டை, குடிகளின் குறை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியது. துணி வணிகத்திலும் சுங்கத்திலும் இருவருக்கும் மோதல் இருந்தது. அது முடிவைத் தீர்மானித்ததா என்பதை வணிகத் துறைத் தாள்களைக் கொண்டே சொல்ல முடியும். டச்சுத் துறைமுகங்களைக் கும்பெனி அதே ஆண்டில் கைப்பற்றியது காலத்தால் பிந்தியது. 1799-இல் முதுகுளத்தூர்ப் பக்கம் எழுந்த கிளர்ச்சி, நேரடி நிர்வாகத்தின் கீழ் நான்கு ஆண்டுகள் கழிந்தபின் நடந்தது.’

இதில் வீரமும் இல்லை, பழியும் இல்லை என்று வருத்தப்படுபவர்கள் இருப்பார்கள். சேதுபதி கும்பெனிக்குப் பணியவில்லை என்பதை இந்தப் பத்தி மறைக்கவில்லை. அதைச் சொல்ல எவ்வளவு சான்று இருக்கிறதோ அவ்வளவில் சொல்கிறது. கடைசி வாக்கியம் முக்கியமானது. 1799-ஐ 1795-இன் நேரடித் தொடர்ச்சியாக எழுதுவது எல்லா நூல்களிலும் வழக்கமாகிவிட்டது. நடுவிலுள்ள நான்கு ஆண்டுகளில் பவுனியும், அவருக்குப் பின் ஜாக்சனும், பிறகு லஷிங்டனும் என்ன வரி போட்டார்கள், எந்தக் கண்மாயை மராமத்து செய்யாமல் விட்டார்கள், எவருடைய சேர்வை மானியத்தைப் பறித்தார்கள் என்பதை யாரும் ஊர்வாரியாக எடுக்கவில்லையானால், மயிலப்பன் பின்னால் திரண்டவர்கள் ஏன் திரண்டார்கள் என்று தெரியாமலே போகும்.

அடுத்து எடுக்க வேண்டிய தாள்கள் அவைதான். பசலி 1204 முதல் 1208 வரை முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பகுதிகளின் கணக்கு, மதுரை மாவட்டப் பதிவேடுகளில். கூடவே அதே ஆண்டுகளின் வணிகத் துறைத் தொகுதிகளில் பரமக்குடி, கீழக்கரை பெயர் வரும் பக்கங்கள். ஊர்ப்பெயர் எழுத்து கெட்டிருக்கும் என்பதால் பெயரடைவை நம்பாமல் தாள் தாளாகப் புரட்டித்தான் எடுக்க முடியும்.